மூச்சு மிச்சம் இருக்கும்போதே

குளச்சலில் இருந்து ஒரு பையன் எங்கள் ஞாயிற்றுக்கிழமை நீருக்கடி ஹாக்கி ஆட்டத்துக்கு வருகிறான். பதினாறு வயது. தண்ணீருக்குள் அவன் போவதைப் பார்த்தால் கண்ணெடுக்க முடியாது, அப்படி ஒரு நீச்சல். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் குளக்கரைப் படியில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "அண்ணே, தனியா அடிச்சா பக்கு நல்லாப் போவுது. ஆட்டத்துல ஆளுக்குக் குடுக்கும்போது மட்டும் ஏன் பாதியில செத்துப் போவுது?" நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். மணிக்கட்டு இறுகிப் போகுது மக்கா, கொஞ்சம் தளர விடு. அவன் தலையாட்டிவிட்டு இறங்கினான். அடுத்த ஆட்டத்திலும் அதே கதைதான். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டபோது, நானும் இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலை வாங்கியிருக்கிறேன். அந்தப் பதில் எனக்கு உதவவில்லை. உதவாத ஒரு பதிலை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து, ஊருக்குக் கொண்டுவந்து, இந்தப் பையன் கையில் கொடுத்திருக்கிறேன் என்பதுதான் உறுத்தியது.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. நீருக்கடி ஹாக்கி நீச்சல் குளத்தின் தரையில் ஆடுவது. அணிக்கு 6 பேர் தண்ணீரில் இருப்பார்கள், மாற்று ஆட்கள் வெளியே. பந்துக்குப் பதிலாகத் தரையில் தள்ளும் வட்டத் தட்டுதான் பக். அது ஈயத்தால் ஆனது, மேலே பிளாஸ்டிக் உறை, எடை சுமார் 1.3 கிலோ. கையில் ஓரடி நீளத்துக்கு ஒரு குச்சி, காலில் துடுப்பு மாதிரி ஃபின், முகத்தில் மாஸ்க், வாயில் ஸ்நார்க்கல் என்கிற மூச்சுக் குழாய். சிலிண்டர் எதுவும் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஆடி, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி இறங்க வேண்டும். இரண்டு முனையிலும் தரையோடு தரையாக 3 மீட்டர் நீளத் தொட்டி, அதுதான் கோல். கோல் காக்கத் தனி ஆள் இல்லை. 1954இல் இங்கிலாந்தின் சவுத்ஸீயில் ஆலன் பிளேக் என்பவர், குளிர்காலத்தில் தன் டைவிங் கிளப் ஆட்கள் கலைந்து போய்விடக் கூடாதே என்று தொடங்கிய ஆட்டம். முதலில் அணிக்கு எட்டுப் பேர், அதனால் ஆக்டோபுஷ் என்று பெயர் (ஆக்டோ என்றால் எட்டு). குச்சிக்குப் பெயர் புஷர். பக்குக்கும் கோலுக்கும் அவர்கள் முதலில் வைத்த பெயர்களைக் கடலோரத்தில் பிறந்த எவரும் ரசிப்பார்கள்: பக் ஊசிக் கணவாய், கோல் ஓட்டுக் கணவாய். 2019இல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதற்குப் பதக்கமே கொடுத்தார்கள்.

நான் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் ஒரே ஒரு பக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் அதை எடுத்துக் காட்டி விளக்கியது தனிக்கதை. மற்றதெல்லாம் இங்கே செய்தோம். வள்ளம் செய்யும் ஆசாரி ஒருவரிடம் மிச்சம் கிடந்த அயனிப் பலகைத் துண்டுகளை வாங்கிக் குச்சி இழைத்தோம். கையுறைக்குத் தோட்ட வேலைக் கையுறையை வாங்கி, குளியலறை இடுக்கு அடைக்கிற சிலிக்கானை விரல்முட்டிகளின் மேல் வரிவரியாகப் பிதுக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்தோம். அது இல்லாமல் ஆடினால் ஓட்டுத் தரையில் உரசி முட்டித் தோல் ஒரே நாளில் போய்விடும். நாகர்கோவிலில் எங்களுக்குக் கிடைத்த குளத்தின் ஆழமான பக்கம் ஏழடி. அது போதும்.

குச்சியின் மேல் உருளும் ஈயம்

கை எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுவும் முக்கியம்தான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பக்கை அடிக்கத்தான் பார்க்கிறார்கள். தரை ஹாக்கியில் ஓங்கி அடிப்பதைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தோன்றாது. தண்ணீரில் ஓங்க முடியாது. வேகம் இரட்டித்தால் தண்ணீரின் தடை நான்கு மடங்காகும். முழுக் கையையும் வீசினால் பாதி பலம் தண்ணீரைத் தள்ளவே போய்விடும், அதற்குள் எதிராளி வந்துவிடுவான். அதனால் புறப்படும்போது பக் குச்சியை ஒட்டியே இருக்க வேண்டும். வலக்கைக்காரர் என்றால் பக் குச்சியின் இடது ஓரத்தில், முனையில் இல்லை, கைப்பிடிக்குப் பக்கத்தில், ஏறக்குறைய விரல்களை ஒட்டிக் கிடக்க வேண்டும். மணிக்கட்டை வெளிப்பக்கம் மடக்கிக்கொள். கையை முன்னால் நீட்டு. நீட்டும்போதே மணிக்கட்டை உள்பக்கம் வெடுக்கென்று திருப்பு. பக் கைப்பக்கத்தில் இருந்து கிளம்பிக் குச்சியின் ஓரத்தில் உருண்டு ஓடி, முனையைத் தாண்டும்போது சுழன்றபடி வெளியேறும். அந்த உருளல்தான் வேகம் கொடுக்கிறது. பம்பரம் விட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கயிறு கடைசிச் சுற்றுவரை பம்பரத்தோடு ஒட்டியிருந்தால்தானே அது நின்று சுற்றும்?

சுற்றி முடித்ததும் குச்சியின் முனை யாருக்குக் கொடுக்கிறோமோ அவரைப் பார்த்து நிற்க வேண்டும். உடம்பு தரையோடு படிந்து கிடக்க வேண்டும். கால் கீழே தொங்கினால் தோள் மேலே வந்துவிடும், தோள் மேலே வந்தால் குச்சி தரையை விட்டு எழும்பும், பக் அடியில் நழுவிப் போகும். குச்சியைக் கத்தி மாதிரி இறுக்கிப் பிடிக்கக் கூடாது. ஆள்காட்டி விரலைக் குச்சியின் மேல் நீட்டி வைத்தால் பிடி தானாகத் தளரும். இதையெல்லாம் ஆளில்லாத குளத்தில் ஒருவர் ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். குளச்சல் பையன் இரண்டே வாரத்தில் கற்றான். தனியாக விட்டால் அவன் பக் 3 மீட்டர் ஓடி நிற்கும். நான் நீந்தி அளந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பள்ளிக்கூட இயற்பியலை யோசித்தபோதுதான் பிடிபட்டது. மாஸ்க் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்த்தால் எல்லாம் கிட்டத்தில் தெரியும். 4 மீட்டர் தள்ளி இருப்பவர் 3 மீட்டரில் இருப்பது போலத் தோன்றுவார். கண் சொல்வதை நம்பிக் கொடுத்தால் பாஸ் ஆளுக்கு முன்னாலேயே நின்றுவிடும். புதியவர்களிடம் "கூட்டுக்காரனைத் தாண்டி ஒரு கை தூரம் குறிவை" என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கே பாதிப் பாஸ் சரியாகும். எங்கள் ஆட்களுக்கும் கொஞ்சம் சரியானது. குளச்சல் பையனுக்கு மட்டும் ஆகவில்லை.

அப்பா வந்த ஞாயிறு

எங்கள் அப்பா சிப்பி எடுப்பவர். கடியப்பட்டணம் பாறைகளில் அறுபது வயது வரைக்கும் முங்கியிருக்கிறார். ஆனி ஆடிக் கலக்கம் ஓய்ந்து கடல் தெளிந்ததும், இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, கையில் இரும்புக் கம்பியோடு இறங்குவார். நான் அவருடைய பிள்ளை என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு, குறிப்பாக என் மூச்சு விஷயத்தில். சிங்கப்பூரில் எங்கள் அணியில் என்னைவிட நீண்ட நேரம் கீழே கிடக்கக் கூடியவர் யாரும் இல்லை. அது என் சொத்து என்று நினைத்திருந்தேன். பக் என்னிடம் வந்தால் நான் மூன்று பேரைத் தாண்டிப் போவேன், நான்காமவரிடம் மாட்டுவேன், அப்போது யாருக்காவது கொடுக்கப் பார்ப்பேன். அது போகாது. எல்லோரும் என் மணிக்கட்டைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் அப்பாவுக்கு நாகர்கோவிலில் கண் பரிசோதனை. ராத்திரி என் வீட்டில் தங்கினார். காலையில் தனியாக வீட்டில் இருக்க மாட்டேன் என்று என்னோடு குளத்துக்கு வந்துவிட்டார். சிமெண்டுப் படியில் உட்கார்ந்து ஒன்றரை மணிநேரம் பார்த்தார். இந்த ஆட்டத்தைக் கரையில் இருந்து பார்ப்பதில் ஒன்றுமே இல்லை. ஸ்நார்க்கல் குழாய்கள் தெரியும், சில முதுகுகள் தெரியும், ஃபின் அடித்துத் தண்ணீர் தெறிப்பது தெரியும், அவ்வளவுதான். பக் எங்கே, யார் கையில் என்பதெல்லாம் மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. பாவம், சலித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். இடைவேளையில் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "போர் அடிக்கா அப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல மக்கா. நீ கையப் பத்தியே சொல்லிட்டிருக்க. எனக்குக் கை தெரியல. குழாய்தான் தெரியுது" என்றார். பிறகு தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஒருத்தன் கீழ போறான், வரவே மாட்டேங்கான். மிச்சம் அஞ்சு பேரும் மேல கெடந்து அவனயே பாத்துட்டுக் கெடக்கான். பொறவு அவன் ஒரேயடியா மேல வந்து இரைக்கான், அப்பதான் அஞ்சு பேரும் ஒண்ணா முங்குறான். கரமடி இழுக்கும்போது கடைசில நிக்கவன் கயித்த விட்டுட்டு முன்ன ஓடிப் பிடிக்க வேண்டாமா? இங்க ஒருத்தனும் விட மாட்டேங்கான்."

கரமடி பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போவார்கள். மணலில் கடைசிக்குப் போய்விட்டவர் கயிற்றை விட்டுவிட்டு, நடந்து, தண்ணீர் ஓரத்தில் முதல் ஆளாகப் போய்ப் பிடிப்பார். அடுத்தவர் கடைசியாவார், அவரும் விடுவார். வலை ஒரு நொடிகூட நிற்காது. கடைசியில் நிற்பவருக்கு இன்னும் இழுக்கப் பலம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இடம் முடிந்தது, விட வேண்டும். சிறுவயதில் நானும் அந்தக் கயிற்றில் தொங்கியிருக்கிறேன். அதை இந்தக் குளத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அப்பா அதோடு நிறுத்தவில்லை. குளச்சல் பையனைக் காட்டி, "அந்தப் பய முட்டுற வரைக்கும் கெடக்கான். அது ஆவாது" என்றார். சிப்பிக்குப் போகும் காலத்தில் அவருக்கு இருந்த ஒரே கட்டுப்பாடு அதுதான்: மூச்சு முட்டுவதற்கு முன்னால் பாறையை விட்டுவிட வேண்டும். இன்னும் இரண்டு சிப்பி கையெட்டுகிற தூரத்தில் இருந்தாலும் விட்டுவிட வேண்டும். நான் அவரிடம் இருந்து எடுத்துக்கொண்டது நீண்ட மூச்சை மட்டும். அதை அவர் ஒருநாளும் கடைசிவரை செலவழித்ததில்லை என்பதை அந்தச் சிமெண்டுப் படியில்தான், நாற்பது வயது தாண்டிய பிறகு, தெரிந்துகொண்டேன்.

அவர் ஊருக்குப் போன பிறகு நிறைய யோசித்தேன். மூச்சு முட்டுவது உடம்பில் ஆக்ஸிஜன் தீர்ந்ததால் வரும் உணர்வு அல்ல, கரியமில வாயு சேர்ந்துகொண்டே போவதால் வருவது. அது ஏறும்போது நெஞ்சு துடிக்கும், வயிறு உள்ளே இழுக்கும், கழுத்து இறுகும், தோள் இறுகும். பிறகு மணிக்கட்டு மட்டும் எப்படித் தளர்வாக இருக்கும்? பையனிடம் மணிக்கட்டைத் தளர்த்து என்று நான் சொன்னபோது, அவன் உடம்பு முழுக்க மேலே போ, மேலே போ என்று கத்திக்கொண்டிருந்திருக்கும். தனியாக அடிக்கும்போது அவன் இறங்கி உடனே அடிக்கிறான், பக் 3 மீட்டர் போகிறது. ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நொடி ஓட்டிக்கொண்டு போய், முட்டியதும் விடுகிறான். அவன் கொடுப்பதில்லை, போட்டுவிட்டு ஓடுகிறான். பாவம், அவன் கேட்ட கேள்விக்குள்ளேயே பதில் இருந்திருக்கிறது.

அதோடு இன்னொரு முகம் நினைவுக்கு வந்து மனதை அறுத்தது. தக்கலையில் இருந்து வரும் பிள்ளை ஒருத்தி. போன வருடம்தான் நீந்தவே கற்றாள். மூச்சு குறைவு, ஆறேழு நொடிக்கு மேல் கீழே நிற்க மாட்டாள். அதனாலேயே அவளைப் பெரும்பாலும் மாற்று ஆளாகக் கரையில் உட்கார வைத்திருந்தேன். ஆனால் அவள் இறங்கும் நேரங்களில் பக் ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவளுக்கு வேறு வழியில்லை, தொட்டதும் கொடுத்தாக வேண்டும். அவளுடைய பாஸ் இரண்டு மீட்டர்கூடப் போகாது, ஆனால் ஆள் கையில் போய்ச் சேரும். மாதக்கணக்கில் என் கண் முன்னால் நடந்ததை நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அடுத்த வாரம் அவளிடம் அதைச் சொன்னேன். "பரவால்ல அண்ணே" என்றாள். எனக்குப் பரவாயில்லை என்று இல்லை.

மூன்று எண்ணுவதற்குள்

இப்போது எங்கள் பயிற்சி மாறியிருக்கிறது. பக்கைத் தொட்டதும் மனதுக்குள் எண்ண வேண்டும். மூன்றுக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததும் மேலே பாயக் கூடாது, இதுதான் முக்கியமான பகுதி. இன்னும் இரண்டு எண்ணிக்கை தரையிலேயே கிடந்து, பக் எங்கே போய் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்த இரண்டு எண்ணிக்கை கிடக்க முடியவில்லை என்றால் பாஸ் தாமதமாகக் கொடுத்தது என்று அர்த்தம், கை எவ்வளவு அழகாகத் திரும்பியிருந்தாலும் சரி. தன் பாஸ் நிற்கும் இடத்தைத் தானே பார்க்கிறவருக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. குறைந்தது எவ்வளவு, கோணியது எந்தப் பக்கம் என்று அடுத்த முறை அவரே திருத்திக்கொள்கிறார். இத்தனை நாளும் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தங்கள் பாஸ் போய்ச் சேர்வதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது இந்தப் பயிற்சியில்தான் தெரிந்தது.

மூச்சுப் பிடிக்கும் போட்டியை ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். பையன்கள் விளையாட்டாக யார் அதிக நேரம் என்று பார்ப்பார்கள், இறங்குவதற்கு முன் வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு இழுத்து விடுவார்கள். அது ஆபத்து. அப்படிச் செய்தால் கரியமில வாயு குறைந்துவிடும், முட்டுகிற எச்சரிக்கை வராமலே ஆக்ஸிஜன் தீர்ந்து தண்ணீருக்குள் மயங்கிவிடுவார்கள். ஏழடித் தண்ணீரிலும் அது நடக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கத்துவேன், பிள்ளைகளுக்குத் தெரியும்.

வாங்குகிறவருக்கும் வேலை கூடியிருக்கிறது. மேலே மிதந்து பார்த்துக்கொண்டிருப்பவர், கூட்டுக்காரர் பக்கைத் தொட்ட உடனேயே தலையைக் கவிழ்த்து இறங்கத் தொடங்க வேண்டும். மூச்சு முட்டி அவர் மேலே வரும்வரை காத்திருந்தால், கொடுக்கும்போது கீழே யாரும் இருக்க மாட்டார்கள். இறங்கும் இடம் முன்னால் இல்லை, பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால். அங்கேதான் எதிராளி இருக்க மாட்டார். குச்சியைத் தரையில் படிய வைத்து, பக் வந்து தொடும்போது கையைச் சற்றுப் பின்னால் இழுத்து வாங்க வேண்டும், விறைத்து வைத்தால் மோதித் துள்ளிவிடும். ஒருவரையொருவர் கூப்பிட முடியாதே என்று, குச்சியால் தரையில் இரண்டு தட்டு தட்டுவதைப் பழக்கிப் பார்த்தோம். தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகிறது. அதனால் எந்தப் பக்கம் இருந்து தட்டினார்கள் என்று காதுக்குப் பிடிபடவில்லை, எல்லாப் பக்கமும் இருந்து வருவது போலவே கேட்கிறது. கடைசியில் தட்டினால் இடப்பக்கம், தட்டாவிட்டால் வலப்பக்கம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். அது ஓரளவு நடக்கிறது.

குளச்சல் பையனுக்கு இது எளிதாக வரவில்லை. நிறைய மூச்சு இருக்கும் ஒருவனிடம், மூன்றாவது நொடியில், இன்னும் ஆளே நெருங்காதபோது, விட்டுவிடு என்று சொல்வது அவனுடைய பலத்தையே எடுத்துக் கீழே வை என்பது போல. முதல் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அவன் கோபம் புரிந்தது. இப்போதும் ஆட்டம் சூடாகிவிட்டால் என் கால் தன்னால் அடித்துக்கொண்டு முன்னால் போகிறது, நான்காமவரிடம் மாட்டிய பிறகுதான் எண்ணிக்கை நினைவுக்கு வருகிறது.

போன ஞாயிறு, கடைசிப் பத்து நிமிடம். பக் அவன் கையில். நான் மேலே மிதந்து மாஸ்க் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு. மணிக்கட்டு திரும்பியது. பக் குச்சியில் உருண்டு வெளியேறி, வெள்ளை ஓடுகளின் மேல் சுழன்றபடி, இதுவரை ஆட்டத்தில் அவனிடம் நான் பார்க்காத தூரம் போய் நின்றது. அங்கே யாரும் இல்லை. தக்கலைப் பிள்ளை பாதித் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தாள், எதிரணி ஆள் அவளுக்கு முன்னால் போய் எடுத்துவிட்டான். இருவரும் ஒரே நேரத்தில் மேலே வந்தார்கள். ஸ்நார்க்கலைத் துப்பிவிட்டு அவன் கத்தினான்: "ரெண்டுலயே குடுத்தேன், நீ எங்க போன?"

"நான் வந்துட்டுதான் இருந்தேன். நீ மூணுல குடுப்பேன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

தண்ணீரை மிதித்துக்கொண்டே இரண்டு பேரும் அதைப் பற்றி வெகுநேரம் சண்டை போட்டார்கள். எதிரணி கோல் போட்டதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.